இசைத்தட்டுப் பதிவில் ‘டிக்’ ஓசையை எதைக் கொண்டு நீக்குவது? சில வழிகள், ஓர் ஒப்பீடு

பரணில் கிடந்த பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றி முடித்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். பாட்டு கேட்கிறது, ஆனால் பாட்டோடு கூடவே ‘டிக், டிக்’ என்ற ஓசையும் கேட்கிறது. அதை நீக்க இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருள் போதுமா, மாதச் சந்தா கட்டி அடோபி ஆடிஷன் எடுக்க வேண்டுமா, ஐசோடோப் ஆர்எக்ஸ் வாங்குவதுதான் சரியா, அல்லது இந்த வேலையே தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாமா என்பது கேள்வி. விலையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. கர்நாடக இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை, நீக்கும்போது எது தவறிப் போகிறது என்பதே முதல் கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

எதை நீக்கப் போகிறோம்

‘டிக்’ என்று நாம் சொல்வது ஒரே வகை ஓசை அல்ல. தட்டின் குறுக்கே விழுந்த கீறல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை ஊசியைத் தட்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 சுற்றுத் தட்டில் அது ஏறக்குறைய 0.77 விநாடிக்கு ஒரு முறையும், 33⅓ சுற்று எல்.பி.யில் (நெடுநேரம் ஓடும் தட்டில்) 1.8 விநாடிக்கு ஒரு முறையும் வரும். இந்த இடைவெளியைக் கைக்கடிகாரத்தை வைத்து அளந்தாலே கீறல்தானா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, இடைவிடாத பொரிச்சல். 78 சுற்றுத் தட்டுகள் அரக்கோடு கல்மாவு போன்ற நிரப்பிகளைக் கலந்து அழுத்திச் செய்யப்பட்டவை. அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்தே உலகுக்குப் போனது. எஃகு ஊசி தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்குப் பொருந்தட்டும் என்பதற்காகவே அந்தக் கலவையில் சொரசொரப்பு இருந்தது, ஆகையால் புதிதாக வாங்கிய நாளிலும் இந்தத் தட்டுகள் கொஞ்சம் பொரியத்தான் செய்தன. மூன்றாவது, விரிசல் விட்ட தட்டின் ‘டொக்’. அதில் கூர்மையான முனை ஒன்றும், அதைத் தொடர்ந்து ஊசிக்கை அதிர்வதால் எழும் தாழ்ந்த முழக்கம் ஒன்றும் சேர்ந்திருக்கும்.

கணினி பதிவு செய்யும்போது திணறியதால் வரும் ‘டிக்’ இவற்றில் சேராது. அதற்கு மருந்து தேட வேண்டாம், பதிவுக் கருவியின் பஃபர் (ஒலித்தரவைத் தற்காலிகமாகத் தாங்கும் இடம்) அளவைக் கூட்டி அந்தப் பக்கத்தை மறுபடி பதிவு செய்வதே சரி.

எந்த அளவுகோல்களால் எடைபோடுவது

நான் ஐந்தை வைத்துக்கொள்கிறேன். தாளவாத்தியத்தின் அடி சேதமாகாமல் தப்புகிறதா என்பது முதலாவது. ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் உட்கார வேண்டும் என்பது இரண்டாவது. கையிலிருந்து போகும் பணம், பின்னால் போகப் போகும் பணத்தையும் சேர்த்து, மூன்றாவது. எதை நீக்கினோம் என்பதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வழி உண்டா என்பது நான்காவது. நீளமான ‘டொக்’ வகைக்கு அந்த வழி உதவுமா என்பது ஐந்தாவது.

முதலாவதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நீக்கும் மென்பொருள் எதுவானாலும் அதன் அடிப்படை ஒன்றுதான்: ஒலியலை ஓர் ஒழுங்கில் போய்க்கொண்டிருக்கும்போது, முன்பின் உள்ள மாதிரிகளை (ஒலியைக் கணினி விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து வைக்கும் புள்ளிகளை) வைத்து ஊகிக்க முடியாத ஒரு திடீர்த் தாவல் வந்தால் அதைக் கோளாறு என்று கொள்கிறது, அந்த இடத்தை அழித்து, அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்த அலையால் இட்டு நிரப்புகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விழும் சாப்பு என்ற அடியின் முதல் ஓரிரு மில்லிவிநாடியும் இதே மாதிரியான திடீர்த் தாவல்தான். கஞ்சிராவின் ஜால்ரா, கடத்தின் மீது விரல் நகம் படும் ஓசை, வீணைத் தந்தியில் மீட்டு விழும் கணம் ஆகியவையும் அப்படியே. நாகஸ்வரம் இன்னும் மோசம், ஏனென்றால் சீவாளியின் அதிர்வு ஒவ்வொரு அலைச்சுற்றிலும் ஒரு கூர்முனையை உண்டாக்குகிறது. அதைப் பார்த்த மென்பொருள் விநாடிக்குப் பல நூறு ‘டிக்’குகள் இருப்பதாக எண்ணிக்கொண்டு சுரத்தின் விளிம்பையே மழுக்கிவிடும். மேல்நாட்டு இசையில் டிரம்பெட் பதிவுகளுக்கு நேரும் அதே விபத்து இது.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்

தட்டைக் கழுவாமல் பதிவு செய்துவிட்டு மென்பொருளோடு மல்லுக்கு நிற்பவர்கள் பலர். மென்மையான சோப்புக் கரைசல் சில துளிகள் கலந்த வாலைவடிநீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தினாலே பாதிப் பொரிச்சல் போய்விடுவது உண்டு. நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட் கலந்த திரவம் எதுவும் 78 சுற்றுத் தட்டின் பக்கமே போகக் கூடாது, ஏனென்றால் அது அரக்கைக் கரைத்துவிடும்.

78 சுற்றுப் பள்ளம் எல்.பி. பள்ளத்தைவிட மிக அகலம். அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும்.

இன்னொன்று, ஒற்றை ஒலித்தடத் தட்டானாலும் ஸ்டீரியோவாகவே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்வது நல்லது. பள்ளத்தின் இரு சுவர்களும் இடம், வலம் எனத் தனித்தனியாகக் கிடைக்கும். கீறல் பல நேரங்களில் ஒரு சுவரைத்தான் அதிகம் காயப்படுத்தியிருக்கும், மற்றச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உயர்ந்த மாதிரி வேகத்தில் ‘டிக்’ ஒல்லியாகவும் கூர்மையாகவும் பதிவாவதால் மென்பொருளுக்கும் அதை அடையாளம் காண்பது எளிது. ஒரு நிமிடத்துக்கு 35 மெகாபைட் அளவில் இடம் பிடிக்கும். மூன்று நிமிடப் பக்கம் நூறு என்றால் பத்து ஜிகாபைட்டைச் சற்றுத் தாண்டும், இன்றைய வட்டுகளுக்கு அது ஒரு பாரமில்லை.

இப்படி ஏற்றிய மூலக் கோப்பில் ஒரு மாதிரியைக்கூட மாற்றக் கூடாது. எல்லா வேலையும் பிரதியில்தான். இரைச்சல் குறைத்தல், ஒலிச் சமன் போன்றவற்றுக்கு முன்பாகவே ‘டிக்’ நீக்கம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கூர்முனை மழுங்கிப் பரவி, பின்னர் எந்த மென்பொருளுக்கும் பிடிபடாது.

ஒன்று: கையால் ஒவ்வொன்றாக

ஆடாசிட்டியில் அலைவடிவத்தை மாதிரிப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, கூர்முனையை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ கொடுப்பது ஒரு முறை. டிரா கருவியால் புள்ளியை இழுத்து வரிசையில் சேர்ப்பது இன்னொரு முறை. விடை தூய்மையாக இருக்கும், ஏனென்றால் எது சாப்பு, எது கீறல் என்று தீர்மானிப்பது உங்கள் காது. தொடாத இடம் தொடாமலே இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். ஒரு கீறல் 78 சுற்றுத் தட்டில் ஒரு நிமிடப் பகுதியைக் கடந்து போகிறது என்றால் 78 ‘டிக்’. ஒன்றைத் தேடிப் பிடித்துச் சரிசெய்து கேட்டுப் பார்க்க 20 விநாடி என்று வைத்தாலும் 26 நிமிடம். எல்.பி.யின் 20 நிமிடப் பக்கம் முழுவதையும் கடக்கும் கீறலானால் ஏறக்குறைய 667 ‘டிக்’, மூன்றே முக்கால் மணி நேரம் வரை ஆகும். இரண்டாம் மணி நேரத்தில் காது பொய் சொல்லத் தொடங்கிவிடும். அப்போது செய்த திருத்தங்களை மறுநாள் காலையில் கேட்டு நானே பலமுறை திரும்ப எடுத்திருக்கிறேன்.

பலர் கவனிக்காத ஒரு சிக்கலும் உண்டு. ‘ரிப்பேர்’ ஒரே நேரத்தில் 128 மாதிரிகள் வரைதான் எடுத்துக்கொள்ளும். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 2.9 மில்லிவிநாடி, ஆனால் நான் மேலே பரிந்துரைத்த 96 கிலோஹெர்ட்ஸில் 1.3 மில்லிவிநாடி மட்டுமே. ஆகவே விரிசல் ‘டொக்’குக்கு இது பயன்படாது.

எண்ணிக்கையில் இருபது, முப்பதுக்குள் அடங்கும் ‘டிக்’குகள், அதிலும் தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியம் மட்டும் வாசிப்பது) நடக்கும் இடத்தில் விழுந்தவை, இவற்றுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இரண்டு: ஆடாசிட்டியின் ‘கிளிக் ரிமூவல்’

இதற்கு இரண்டே திருகுகள். த்ரெஷோல்ட் (எவ்வளவு பெரிய தாவலை ‘டிக்’ என்று கொள்வது என்ற எல்லை) 200, அதிகபட்ச முனையகலம் 20 என்பவை அது தானாகக் காட்டும் எண்கள். த்ரெஷோல்டைக் குறைத்தாலும், முனையகலத்தைக் கூட்டினாலும் அது மேலும் மேலும் ‘டிக்’குகளைக் கண்டுபிடிக்கும், அவற்றில் சில ‘டிக்’காக இராது. தேர்ந்தெடுக்கும் பகுதி மிகச் சிறியதாக இருந்தால் வேலை செய்ய மறுக்கும். ஆகையால் ஒற்றை ‘டிக்’கைக் குறிவைக்க இது ஏற்றதல்ல, ஒரு பகுதி முழுவதையும் அலச மட்டுமே.

பணம் எதுவும் இல்லை, லினக்ஸ் கணினியிலும் ஓடும், ஒரு பக்கத்தைச் சில விநாடிகளில் முடித்துவிடும். ஆனால் எதை நீக்கியது என்று தன்னளவில் சொல்லாது. நீக்கியதைக் கேட்க நாமே ஒரு வழி செய்துகொள்ள வேண்டும்: தடத்தைப் பிரதியெடுத்து, ஒன்றில் மட்டும் நீக்கத்தைச் செய்து, மற்றதை ‘இன்வெர்ட்’ கொடுத்துத் தலைகீழாக்கி, இரண்டையும் கலந்தால், ஒத்த பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, நீக்கப்பட்டது மட்டும் மிஞ்சும்.

முதன்முதலில் அந்த மிச்சத்தைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாய்ப்பாட்டுத் தட்டில் த்ரெஷோல்டை 80 வரை இறக்கி, ‘டிக்’ சுத்தமாகப் போய்விட்டது என்று மகிழ்ந்திருந்தேன். மிச்சத்தில் கீறலோடு மிருதங்கமும் கேட்டது. பாட்டில்லாமல், சுருதியில்லாமல், அடிகளின் முனைகள் மட்டும் வரிசையாக. கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடலாம் போல இருந்தது. அதாவது வித்துவானின் விரல் தோலில் பட்ட அந்தக் கணங்களை எல்லாம் நான் குப்பையில் போட்டிருக்கிறேன். திருத்திய பாட்டில் மிருதங்கம் ஈரத்துணி போர்த்தியதுபோல் ஒலித்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

ஆகவே பேச்சுத் தட்டுகள், தாளவாத்தியம் இல்லாத விருத்தம், ஆலாபனைப் பகுதிகள் ஆகியவற்றுக்கு இது போதும். தாளவாத்தியம் சேர்ந்தால் த்ரெஷோல்டை 200க்குக் கீழே இறக்காமல், பெரிய கீறல்களை மட்டும் இதற்கு விட்டுவிட்டு மீதியைக் கையால் பார்ப்பது நல்லது.

மூன்று: அடோபி ஆடிஷன்

இதிலும் தானியங்கி நீக்கம் உண்டு; அது ஆடாசிட்டியைவிடக் கொஞ்சம் புத்திசாலி, ஆனாலும் அடிப்படைக் குணம் ஒன்றே. எனக்கு இதில் பிடித்தது வேறு. டயக்னாஸ்டிக்ஸ் பலகத்தில் உள்ள ‘டீகிளிக்கர்’, பதிவை அலசித் தான் சந்தேகிக்கும் ‘டிக்’குகளை ஒரு பட்டியலாகக் கொடுக்கிறது. ஒவ்வொன்றையும் சொடுக்கிக் கேட்டு, கீறலானால் சரிசெய்யலாம், சாப்பானால் விட்டுவிடலாம். தேடும் வேலை இயந்திரத்துக்கு, தீர்ப்பு நமக்கு. கைவேலையில் நேரத்தைத் தின்பது தேடல்தான் என்பதால் மிச்சமாகும் நேரம் கணிசமானது. நிறமாலைக் காட்சியில் (ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டுவது) கீறல் மேலிருந்து கீழ்வரை மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து ‘ஆட்டோ ஹீல்’ கொடுத்தால் நீளமான ‘டொக்’கும் பெரும்பாலும் அடங்கும்.

சந்தாதான் இதன் மறைந்திருக்கும் செலவு. ஐம்பது தட்டுகளை வார இறுதிகளில் மட்டும் செய்பவருக்கு வேலை ஓராண்டு இழுக்கும், சந்தாவும் கூடவே இழுக்கும். நிறுத்தியபின் பழைய திட்டக் கோப்புகளைத் திறக்க மறுபடி கட்ட வேண்டும். ஆகையால் முடிந்த ஒவ்வொன்றையும் சாதாரண வேவ் கோப்பாக வெளியே எடுத்துவைத்துவிட வேண்டும். ஏற்கெனவே காணொளி வேலைக்காக அடோபியின் முழுத் தொகுப்புக்குச் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

நான்கு: ஐசோடோப் ஆர்எக்ஸ்

‘டீகிளிக்’ என்ற இந்த ஒரு வேலைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடியவற்றில் இதுவே சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அலைவரிசைகளைப் பிரித்துத் தனித்தனியாகப் பார்க்கும் முறைகள் இதில் உண்டு என்பதால், தாழ்ந்த சுரத்தில் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) முழங்கிக்கொண்டிருக்கும்போதே மேலே விழும் மெல்லிய ‘டிக்’கை மட்டும் கிள்ளி எடுக்க முடிகிறது. ஆடாசிட்டியில் இன்வெர்ட் போட்டுச் செய்த வித்தைக்கு இங்கே ஒரு கட்டமே இருக்கிறது: ‘அவுட்புட் கிளிக்ஸ் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீக்கப்படப் போவது மட்டும் அப்போதே ஒலிக்கும். அதைக் கேட்டுக்கொண்டே சென்சிடிவிட்டியைக் கூட்டிப் போய், மிருதங்கத்தின் முதல் அடி தலைகாட்டும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி இறங்கினால் அந்தத் தட்டுக்கான அளவு கிடைத்துவிட்டது. இந்த ஒரு வசதிக்காகவே இதற்குக் காசு கொடுக்கலாம்.

ஆனால் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். எலிமெண்ட்ஸ் என்ற அடிப்படைப் பதிப்பில் ‘டீகிளிக்’ உண்டு. இடைவிடாத பொரிச்சலுக்கான ‘டீகிராக்கிள்’ மேல் பதிப்புகளில்தான் வரும். 78 சுற்றுத் தட்டுக்காரருக்கு அது கட்டாயம் தேவைப்படும், எனவே அவருடைய உண்மையான செலவு மேல் பதிப்பின் விலைதான். ஆண்டில் சில முறை பெருந்தள்ளுபடி வருவதால் அவசரமில்லாதவர்கள் காத்திருந்து வாங்கலாம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மேம்படுத்தச் சொல்லி அழைப்பு வரும், இந்த வேலைக்கு அது தேவையில்லை. லினக்ஸில் ஓடாது.

இதையும் மீறி இதிலுள்ள ஆபத்து, வசதியாக இருக்கிறதே என்று எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அளவைக் கொடுத்து இரவோடு இரவாக ஓட்டிவிடுவது. வயலின் தட்டுக்குப் பொருந்திய அளவு நாகஸ்வரத் தட்டைப் பாழாக்கும்.

தட்டு அல்லாமல், ஒலிப்புத்தகம் போன்ற குரல் பதிவுகளில் நாக்கும் உமிழ்நீரும் எழுப்பும் சிறு சொடுக்குகளை நீக்குவதுதான் உங்கள் வேலை என்றால், மேல் பதிப்புகளிலுள்ள ‘மவுத் டீகிளிக்’ அதற்கென்றே செய்யப்பட்டது. அங்கே இந்த ஒப்பீடு முழுவதும் தேவையே இல்லை.

ஐந்து: தெரிந்தவரிடம் கொடுப்பது

அரிய தட்டு, விரிசல் விட்ட தட்டு, உடைந்து ஒட்டிய தட்டு என்றால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செடார் போன்ற தொழில்முறை ஒலிச் சீரமைப்புக் கருவிகளை வைத்திருப்பவர்களின் கைப்பழக்கம் வீட்டில் வராது. ஆனால் மூன்று கேள்விகளை முன்பே கேட்டுவிட வேண்டும்: திருத்தாத மூலப் பதிவைத் தருவீர்களா, எந்த ஊசியால் எடுக்கிறீர்கள், ஒரு பக்கத்தை மாதிரிக்குச் செய்து காட்டுவீர்களா. நான் ஒருமுறை கேட்காமல் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தது பளபளவென்று சுத்தமான எம்பி3 கோப்பு மட்டும். தம்புராவின் ஜீவா (தந்தியின் அடியில் வைக்கும் நூல்) தரும் ரீங்காரம் அதில் இல்லை, மூலப் பதிவு அழிக்கப்பட்டிருந்தது. தட்டு கையில் இருந்ததால் பிழைத்தேன்.

ஒரே பார்வையில்

| வழி | பணம் | மூன்று நிமிடப் பக்கத்துக்கு என் அனுபவத்தில் ஆகும் நேரம் | தாள அடிக்கு ஆபத்து | நீளமான ‘டொக்’ |
|---|---|---|---|---|
| கையால் | இல்லை | 30 நிமிடம் முதல் 2 மணி வரை | மிகக் குறைவு | முடியாது |
| ஆடாசிட்டி தானியங்கி | இல்லை | 5 நிமிடம் | அதிகம் | முடியாது |
| ஆடிஷன் பட்டியல் வழி | சந்தா | 20 முதல் 30 நிமிடம் | குறைவு | பெரும்பாலும் முடியும் |
| ஆர்எக்ஸ் | ஒருமுறை விலை | 10 முதல் 15 நிமிடம் | காதைப் பொறுத்தது | மேல் பதிப்பில் முடியும் |
| தெரிந்தவரிடம் | பக்கத்துக்கு இவ்வளவு என்று | நமக்கு இல்லை | ஆளைப் பொறுத்தது | முடியும் |

அப்படியானால் எதை எடுப்பது

பத்துத் தட்டுக்குள் என்றால் பணம் செலவழிக்க வேண்டாம். ஆடாசிட்டியை மிதமான அளவில் ஒரு முறை ஓட்டி, மிச்சத்தைத் தனியே கேட்டு, தப்பிய ‘டிக்’குகளைக் கையால் முடிக்கலாம். ஐம்பதைத் தாண்டினால், அதிலும் 78 சுற்று மிகுதி என்றால், ஆர்எக்ஸின் மேல் பதிப்பு மிச்சப்படுத்தும் வார இறுதிகளைக் கணக்கிட்டாலே விலை கட்டுப்படியாகும். ஏற்கெனவே சந்தா கட்டுகிறவர்களுக்கு ஆடிஷன். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த தட்டுகளுக்கு, எத்தனை ஆனாலும், தானியங்கி எதையும் நான் முழுப் பக்கத்துக்கும் ஓட்டுவதில்லை.

எல்லாவற்றையும் நீக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. என்னிடம் உள்ள ஒரு தட்டில், பாட்டின் காலப்பிரமாணமும் தட்டின் சுற்றும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், கீறல் ஆதி தாளத்தின் அட்சரத்துக்குச் சற்று முன்பாக விழத் தொடங்கி, மெல்ல மெல்ல நகர்ந்து, சரணத்தின் நடுவில் அடியின் மேலேயே வந்து உட்காருகிறது. அந்த இடத்தில் ஏறக்குறைய பத்துச் சுற்றுக்குக் கீறலையும் சாப்பையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியவில்லை, என் காதாலும் முடியவில்லை. முன்னும் பின்னும் சுத்தம் செய்துவிட்டு, அந்தப் பத்தையும் அப்படியே விட்டிருக்கிறேன். கோப்பின் பெயரில் எந்த மென்பொருள், எந்த அளவு, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை தொடவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன். நாளைக்கு இதைவிடக் கூர்மையான காதோ கருவியோ உள்ளவர் அந்த இடத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.